ஃபோனில் பிஎஸ்பி கேம் திணறாமல் ஓட: பிபிஎஸ்எஸ்பிபி செட்டிங்ஸ்

பிபிஎஸ்எஸ்பிபி (PPSSPP) என்பது சோனியின் பிஎஸ்பி கையடக்க கேம் மெஷினைப் போல நடித்து, அதன் கேம்களை ஃபோனில் ஓட்டும் ஆப். அதன் செட்டிங்ஸில் கை வைப்பதற்கு முன், எந்த எண்ணைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளுங்கள். டெக்கன் 6 பிஎஸ்பியிலேயே 60 எஃப்பிஎஸ்ஸில் (நொடிக்கு 60 ஃபிரேம்) ஓடிய கேம். ஜிடிஏ லிபர்ட்டி சிட்டி ஸ்டோரீஸ் அசல் மெஷினிலும் 30-க்கு மேல் போகாது. அதனால் 30 என்று காட்டினாலே ஃபோன் திணறுகிறது என்று அர்த்தமில்லை. பார்க்க வேண்டியது வேகத்தின் சதவீதம். கிராஃபிக்ஸ் பகுதியில் ஓவர்லே தகவலுக்குப் போய் ஸ்பீடையும் எஃப்பிஎஸ்ஸையும் ஆன் செய்யுங்கள். ஸ்பீட் 100%-ல் ஆடாமல் நின்றால் வேலை முடிந்தது. அது 85, 92 என்று இறங்கும்போதுதான் சத்தமும் கரகரக்கும். அதைப் பார்த்துவிட்டு ஆடியோ செட்டிங்ஸைக் குடைவது வீண் வேலை.

அடுத்து, தடை சிபியுவிலா (ஃபோனின் மையச் செயலி) ஜிபியுவிலா (படம் வரையும் சிப்) என்று கண்டுபிடியுங்கள். கேமில் அதிகம் திணறும் இடத்துக்குப் போய் ஒரு சேவ் ஸ்டேட் (கேமின் அந்தக் கணத்தை அப்படியே பதிந்துவைக்கும் ஆப்பின் சேவ்) எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் அதே சேவ் ஸ்டேட்டை லோட் செய்து, அதே திசையில் கேமராவைத் திருப்பி, சதவீதத்தைப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு செட்டிங்தான். நாலைந்தை ஒன்றாக மாற்றினால் எது பலித்தது, எது கெடுத்தது என்று கடைசிவரை தெரியாது.

முதல் சோதனையாக ரெண்டரிங் ரெசல்யூஷனை (படத்தை எத்தனை பிக்சலில் வரைவது என்ற அளவு) 1x-க்குக் கொண்டுவாருங்கள். 80%-ல் இருந்த வேகம் 100-க்கு ஏறினால் சிக்கல் ஜிபியுவில். பிஎஸ்பியின் திரை 480×272. 2x வைத்தால் 960×544, அதாவது நாலு மடங்கு பிக்சல். 3x என்றால் ஒன்பது மடங்கு. 6 அங்குல ஃபோன் திரையில் 2x-க்கும் 3x-க்கும் கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் கொஞ்சம்தான், ஜிபியுவுக்கோ இரண்டு மடங்குக்கு மேல் பாரம். நடுத்தர விலை ஃபோன் என்றால் 2x போதும். படத்தை மெருகேற்றும் டெக்ஸ்ச்சர் அப்ஸ்கேலிங், ஆன்ட்டிஅலையாசிங், போஸ்ட்-புராசஸிங் ஷேடர் மூன்றையும் அணைத்துவிடுங்கள்.

1x-க்கு இறக்கியும் வேகம் அசையவில்லையா? அப்படியானால் சிபியுதான் மூச்சு வாங்குகிறது. பேக்எண்டை (ஆப் ஜிபியுவோடு பேசும் வழி) ஓப்பன்ஜிஎல்லிலிருந்து வல்கனுக்கு மாற்றிப் பாருங்கள். டிரைவர் வழியாக சிபியு மேல் விழும் சுமை வல்கனில் குறைவு. பழைய மாலி ஜிபியு உள்ள சில ஃபோன்களில் மட்டும் வல்கன் படத்தைச் சிதைக்கும் அல்லது கிராஷ் ஆகும். அங்கே ஓப்பன்ஜிஎல்லுக்கே திரும்பிவிடுங்கள். டெவலப்பர் டூல்ஸில் சிபியு கோர் ஜிட்டில் (JIT, பிஎஸ்பி கோடை ஃபோனின் கோடாக மாற்றி ஓட்டும் வேகமான முறை) இருக்கிறதா என்றும் பாருங்கள். யாரோ தெரியாமல் அதை ஒவ்வொரு கட்டளையாகப் படித்து ஓட்டும் இன்டர்பிரெட்டருக்கு மாற்றியிருந்தால் நல்ல ஃபோன்கூடத் தவழும்.

அதிகம் பேர் ஏமாறும் செட்டிங் ஒன்று உண்டு: சிபியு கிளாக். பிஎஸ்பியின் வழக்கமான வேகம் 222 மெகாஹெர்ட்ஸ். 2007-ல் வந்த 3.50 ஃபர்ம்வேருக்குப் பிறகு கேம்கள் 333 வரை போக முடிந்தது. இதை 333 ஆக்கினால் ஃபோன் வேகமாகும் என்று நினைக்கிறார்கள். நடப்பது நேர்மாறு. கூடுவது போலி பிஎஸ்பியின் வேகம், அதற்கான வேலையைச் செய்வது உங்கள் ஃபோன். அசல் மெஷினிலேயே இழுத்த கேமை மிச்ச சக்தி உள்ள ஃபோனில் ஓட்டும்போதுதான் இதில் பலன் கிடைக்கும். மற்றபடி 0-விலேயே விடுங்கள். கேம் கேட்கும் வேகத்தை அதுவே எடுத்துக்கொள்ளும். 30-ல் ஓடும் கேமை 60-க்கு ஏற்றும் 60 எஃப்பிஎஸ் சீட் கோடும் இப்படித்தான், வேலையைக் கிட்டத்தட்ட இரட்டிப்பாக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் போதவில்லை என்றால் ஃபிரேம் ஸ்கிப்பை (சில ஃபிரேம்களை வரையாமல் தாண்டுவது) 1 வையுங்கள். அதற்கு மேல் போனால் படம் வெட்டி வெட்டி ஓடும். ஸ்கிப் பஃபர் எஃபெக்ட்ஸ் கடைசி ஆயுதம். நல்ல வேகம் தரும், ஆனால் காட்சியை முதலில் தனி மெமரியில் வரைந்து, பிறகு திரைக்குக் கொண்டுவரும் கேம்களில் ஒளியும் நிழலும் காணாமல் போகும், சிலவற்றில் திரையே கறுத்துவிடும். அதை எல்லா கேமுக்கும் சேர்த்துப் போடாதீர்கள். கேம் ஐகானை அழுத்திப் பிடித்து, அந்த ஒரு கேமுக்கு மட்டும் தனி கான்ஃபிக் உருவாக்கிக்கொள்ளுங்கள்.

புதிய எஃபெக்ட் முதல்முறை திரையில் வரும்போது ஒரு கணம் நிற்பது ஷேடர் (அந்த எஃபெக்டை வரையும் சிறு புரோகிராம்) தயாராவதால். அதே இடத்தில் இரண்டாம் முறை நிற்காது, விட்டுவிடுங்கள். வீடியோ காட்சியிலும் லோடிங்கிலும் மட்டும் இழுத்தால் மெமரி கார்டைச் சந்தேகியுங்கள். கேம் ஃபைலை ஃபோனின் உள் சேமிப்புக்கு மாற்றுங்கள். சுருக்கிய சிஎஸ்ஓ ஃபைலைப் படிக்கும்போதே விரிக்க வேண்டியிருப்பதால், வலுவில்லாத ஃபோனுக்குச் சுருக்காத ஐஎஸ்ஓ நல்லது.

முதல் பத்து நிமிடம் அருமையாக ஓடி, பிறகு சரிந்தால் காரணம் சூடு. ஃபோன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. சார்ஜில் போட்டபடி விளையாடாதீர்கள், தடித்த கவரைக் கழற்றுங்கள், பேட்டரி சேவரை அணையுங்கள். 3x-ல் இப்போது 100% காட்டினாலும், அரை மணி நேரம் தாக்குப் பிடிக்காவிட்டால் 2x-தான் அந்த ஃபோனுக்கான அளவு.

ஆப்பை அப்டேட் செய்யும் முன் கேமுக்குள்ளேயே ஒருமுறை சேவ் செய்துவிடுங்கள். பழைய சேவ் ஸ்டேட் புதிய வெர்ஷனில் திறக்காமல் போகலாம். கேமின் சொந்த சேவுக்கு அந்தச் சிக்கல் இல்லை.