தும்பையை அடையாளம் காண்பது எப்படி? பெயரை விடுங்கள், பூவைப் பிரியுங்கள்

வேட்டி வெளுப்பாக இருந்தால் தும்பைப்பூ மாதிரி என்கிறோம், இட்லிக்கும் அதே உவமைதான். ஆனால் வரப்பில் நிற்கிற ஒரு செடியைக் காட்டி இது தும்பைதானா, எந்தக் குடும்பம் என்று கேட்டால் பாதிப் பேர் முழிப்போம். நான் முதல் தடவை தும்பை என்று பறித்துவந்து நாளிதழுக்குள் அழுத்தி வைத்தது கவிழ்தும்பை. பெயரில் மட்டும்தான் தும்பை, மற்றபடி ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

மழை ஓய்ந்த கார்த்திகை, மார்கழியில் தரிசு நிலத்துக்கோ வாய்க்கால் ஓரத்துக்கோ போங்கள். ஒரு சாண் முதல் இரண்டு அடி வரை வளர்ந்த, கணுவுக்குக் கணு வெள்ளைப் பூப்பந்து கட்டிய செடி கண்ணில் படும். முதலில் தண்டை இரண்டு விரலுக்கு நடுவே வைத்து உருட்டிப் பாருங்கள். சரியாக உருளாமல் நான்கு பட்டை தட்டுப்படும். இலைகள் எதிரெதிராக இருக்கும், அடுத்தடுத்த ஜோடி குறுக்காகத் திரும்பியிருக்கும். இது புதினாக் குடும்பத்தின், அதாவது லேமியேசியின், பொதுச் சாயல். ஆனால் இதோடு நிறுத்திவிடாதீர்கள், நாற்கோணத் தண்டு வேறு குடும்பங்களிலும் உண்டு. வாசனையையும் நம்ப வேண்டாம். புதினாவும் துளசியும் கசக்கினால் மணக்கும், தும்பை அப்படி மணக்காது, இருந்தாலும் அதே குடும்பம்தான். அவ்வளவு ஏன், தேக்கையும் நொச்சியையும்கூட இப்போது இந்தக் குடும்பத்தில்தான் வைத்திருக்கிறார்கள்.

அப்புறம் பூ. சின்ன வயதில் பூவை இழுத்துத் தேன் உறிஞ்சியிருப்பீர்களே, அதே மாதிரி ஒன்றை உருவி எடுத்து, பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸில் பாருங்கள். இரண்டு உதடு தெரியும். மேலுதடு சின்னது, குல்லா மாதிரி வளைந்து முதுகில் பஞ்சு போர்த்தியிருக்கும். கீழுதடு பெரியது, மூன்று மடல், நடுமடல் அகலமாக விரிந்து தொங்கும். மகரந்தத்தாள்கள் நான்கு, இரண்டு நீளம், இரண்டு குட்டை. அவை எங்கே இருக்கின்றன என்பதுதான் முக்கியம். தும்பையில் அவை மேலுதட்டின் குல்லாவுக்குள் ஏறி ஒளிந்திருக்கும், துளசியில் கீழுதட்டின் மேல் சாய்ந்து கிடக்கும். ஒரே குடும்பத்துக்குள் இரண்டும் வேறு வேறு துணைக்குடும்பம்: துளசியும் புதினாவும் நெப்பெட்டாய்டியே, தும்பை லேமியாய்டியே.

பூ உதிர்ந்த பிறகு நிற்கும் புல்லிக்குழாயையும், அதாவது பூவின் அடியைச் சுற்றியிருக்கும் பச்சைக் குழாயையும், விடாதீர்கள். அடிப்பக்கம் வழுவழுப்பு, மேல்பக்கம் வரிவரியாகச் சொரசொரப்பு, வாய் நேராக இல்லாமல் ஒருபக்கம் நீண்டு சாய்ந்திருக்கும். உள்ளே நான்கு குட்டி விதைக்கொட்டைகள். இவ்வளவும் பொருந்தினால் உங்கள் கையில் இருப்பது பெரும்பாலும் தும்பைதான், அறிவியல் பெயர் லூக்காஸ் ஆஸ்பெரா. லூக்காஸ் என்றால் கிரேக்கத்தில் வெண்மை, ஆஸ்பெரா என்றால் லத்தீனில் சொரசொரப்பு. வில்டெனோ என்ற தாவரவியலாளர் இதை முதலில் ஃப்ளோமிஸ் என்ற பேரினத்தில் வைத்தார், லிங்க் என்பவர்தான் பிறகு லூக்காஸுக்கு மாற்றினார். பழைய நூல்களில் ஃப்ளோமிஸ் ஆஸ்பெரா என்று பார்த்தால் குழம்ப வேண்டாம், அதே செடிதான்.

இப்போது ஏமாற்றுப் பேர்வழிகள். காசித்தும்பை தோட்டத்துப் பால்சம், குடும்பமே வேறு. என்னை ஏமாற்றிய கவிழ்தும்பை போராஜினேசி என்ற வேறொரு குடும்பம். அதிலும் நான்கு கொட்டைகள் உண்டு, அதனால்தான் பலரும் சறுக்குகிறார்கள். ஆனால் அதன் பூ வெளிர்நீலம், ஐந்து மடலும் ஒரே அளவு, உதடு கிடையாது, தலைகவிழ்ந்து தொங்கும். பேய்மிரட்டி மட்டும் உண்மையான பங்காளி. ஊதாப்பூ, தடித்த ரோம இலை, ஆளுயரம்கூட வளரும், ஆனால் பேரினம் அனிசோமெலஸ்.

சரி, இது எந்த ஊர்ச் செடி? லூக்காஸ் பேரினம் ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் பரவியது, இந்தியாவில் மட்டும் 40 இனங்களுக்கு மேல். அதில் நம் தும்பை சமவெளிக்காரன். இந்தியா, இலங்கை, வங்கதேசம் தொடங்கி ஜாவா, பிலிப்பைன்ஸ் வரை இருக்கிறது, மொரீஷியஸிலும் உண்டு. நீலகிரியில் ஏறி ஏதோ ஒரு தும்பையைப் பார்த்தால் அவசரப்பட்டு இதே பெயரை எழுதாதீர்கள், மேற்குத் தொடர்ச்சி மலையில் வேறு லூக்காஸ் இனங்கள் இருக்கின்றன. பரவலைச் சரிபார்க்க கேம்பிளின் பழைய சென்னை மாகாணத் தாவர நூலையும் லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்தின் இணையப் பட்டியலையும் சேர்த்துப் பாருங்கள், கியூ பட்டியலில் இயல்பாக வளரும் நாடுகளும் பின்னால் போய்ச் சேர்ந்த நாடுகளும் தனித்தனியாக இருக்கும். நம் மண்ணில் இது நேற்று வந்ததல்ல. குறிஞ்சிப்பாட்டின் பூப்பட்டியலில் தும்பையும் துழாயும், அதாவது துளசியும், அடுத்தடுத்து நிற்கின்றன. லேமியேசி என்ற பெயரெல்லாம் வருவதற்கு எத்தனையோ நூற்றாண்டு முன்பே இரண்டும் பக்கத்துப் பக்கத்தில்!

மாதிரி எடுப்பதானால் வேரோடு ஒன்று போதும். அழுத்தும்போது பூ உதிரும், வெள்ளை பழுப்பாகிவிடும். அதனால் பறித்த இடத்திலேயே நிறம், உயரம், மண், தேதி எல்லாவற்றையும் எழுதிவிட்டு, உதிர்ந்த பூக்களைத் தனியாக ஒரு காகித உறையில் போட்டுத் தாளோடு ஒட்டிவிடுங்கள்.