ஏடிஆரா, கியூ400-ஆ? இரண்டு பக்கமிருந்தும் பாருங்கள்

காட்பாடியில் இருக்கும் என் அக்கா மகன் விமானி பயிற்சிக்கு விண்ணப்பித்திருக்கிறான். "மாமா, ஏடிஆர் நல்லதா, கியூ400 நல்லதா?" என்று கேட்டான். இரண்டும் குறுந்தூரம் பறக்கும் புரொப்பெல்லர் விமானங்கள். மீனம்பாக்கத்தில் பதினோரு வருடம் ராம்ப்பில், அதாவது விமானங்கள் வந்து நிற்கும் தளத்தில், பெட்டி ஏற்றி, சக்கரத்துக்கு சாக் எனும் முட்டுக்கட்டை வைத்து, ஹெட்செட் மாட்டி நின்றவன் நான். அவனுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

வேகத்தை முதலில் ஓரமாக வையுங்கள். கியூ400 மணிக்கு சுமார் 660 கிலோமீட்டர், ஏடிஆர் 72 சுமார் 510. கேட்கும்போது பெரிய வித்தியாசம்தான். ஆனால் சென்னையிலிருந்து சேலம் நேர்க்கோட்டில் சுமார் 265 கிலோமீட்டர்தான். முழுத் தூரமும் அதே வேகத்தில் போனாலும் ஏழெட்டு நிமிடம்தான் மிச்சம். ஒரு பெட்டி தப்பான விமானத்தில் ஏறிவிட்டால் அந்த ஏழெட்டு நிமிடம் தரையிலேயே போய்விடும்.

கதவு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஏடிஆரில் பயணிகள் வாலருகே ஏறுகிறார்கள். பெரிய சரக்குக் கதவு முன்னால், இடது பக்கம். முன் பெட்டிகளை எல்லாம் இறக்கிவிட்டு, பயணிகள் பின்னால் கூட்டமாக நின்றால் எடை வாலுக்குப் போய்விடும். மூக்கு தூக்கிக்கொண்டு வால் தரையில் உட்கார்ந்துவிடும். அதற்காகத்தான் வாலுக்கு அடியில் டெயில் ஸ்டாண்ட் என்ற முட்டு. நான் சேர்ந்த முதல் வருடம், ஸ்டாண்ட் வைக்கும் முன்பே முன் சரக்கு அறையைக் காலி செய்ய ஆரம்பித்துவிட்டோம். மூக்குச் சக்கரத்தின் கால் மெல்ல நீள்வதைப் பார்த்து எங்கள் மேஸ்திரி கத்தினார். பெட்டிகளைத் திரும்ப உள்ளே தள்ளினோம். அன்றைக்கு நடுங்கிய கை இன்னும் நினைவில் இருக்கிறது. விமானிக்கும் இதே கவலை வேறு வடிவத்தில் உண்டு: லோட்ஷீட்டில், அதாவது எடைக் கணக்குத் தாளில், உள்ள எடை உண்மையில் அந்தந்த அறையில் இருக்கிறதா? நாம் பத்துப் பெட்டியை முன்னுக்குப் பதில் பின்னால் போட்டால், மேலெழும்பும்போது அவர் கையில் அது தெரியும்.

அடுத்து, தரையில் நிற்கும்போது மின்சாரமும் குளிர்காற்றும் எங்கிருந்து வருகின்றன என்று கேளுங்கள். கியூ400-க்கு வாலில் தனியாக ஒரு சின்ன இன்ஜின், ஏபியு, உண்டு. ஏடிஆரில் அது கிடையாது. அதற்குப் பதில் வலது இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்க, அதன் புரொப்பெல்லரை மட்டும் பிரேக் போட்டு நிறுத்துவார்கள். ஹோட்டல் மோட் என்று பெயர். விமானிக்கு எடை மிச்சம், மே மாதத்திலும் கேபின் குளிர்ச்சி. நமக்கோ காது அடைக்கும் சத்தம், பின்னால் அனல். அதனால் ஏடிஆரில் வேலை இடது பக்கம்தான். அதுவும் இடது புரொப்பெல்லர் முழுதாக நின்றதைக் கண்ணால் பார்த்த பிறகே முன் கதவுக்குப் போக வேண்டும். சுற்றும் புரொப்பெல்லர் கண்ணுக்குத் தெரியாது, தம்பி. தெரியவே தெரியாது.

கியூ400-இன் உடம்பு ஏறக்குறைய 33 மீட்டர். ஏடிஆர் 72 27 மீட்டர் சொச்சம். அந்த நீளம் இறங்கும்போது விமானியைச் சோதிக்கும். மூக்கை அதிகம் தூக்கினால் வால் ரன்வேயில் உரசும், எனவே இன்ஜின் விசையை வைத்தே இறக்கத்தைச் சரிசெய்வார்கள். அதன் சக்கரக் கால்கள் இன்ஜின் கூட்டிலிருந்து தொங்கும், நெடுங்கால்கள். ஏடிஆருக்கோ வயிற்றோரம் குட்டைக் கால்கள். ஏற்றுக்கூலிக்காரன் முதுகுக்கு இது எவ்வளவு பெரிய உபகாரம் என்று எந்த விளம்பரத் தாளிலும் இருக்காது.

ஒப்பிட்டுப் பார்க்க இன்னொன்று, எம்ப்ரேயர் 175. அது ஜெட். விமானிகள் உயரத்தையும் வேகத்தையும் புகழ்வார்கள். எனக்குப் பிடித்தது வேறு: பயணிகள் இடது பக்கம், பெட்டிகள் வலது பக்கம், ஒருவர் வழியில் ஒருவர் குறுக்கிடுவதில்லை. ஆனால் இன்ஜின் தாழ்வாக இருக்கும். அது ஓடும்போது அதன் வாய்க்கு முன்னால் யாரும் போகக் கூடாது.

நம்ம ஊர் வேலூரின் அப்துல்லாபுரம் ஓடுதளத்துக்கு இவை எதுவும் பொருந்தாது. அங்கே பேச்சு 19 இருக்கை விமானம் பற்றித்தான். கான்பூரில் அரசு நிறுவனமான எச்ஏஎல் கட்டும் டோர்னியர் 228 அந்த வகை. 2022 ஏப்ரலில் அசாமின் திப்ருகரிலிருந்து அருணாசலப் பிரதேசத்தின் பாசிகாட்டுக்குப் பயணிகளை ஏற்றிக்கொண்டு போனது அதுதான். குட்டை ரன்வே போதும். ஆனால் கேபினில் காற்றழுத்தம் கிடையாது. அதனால் உயரே ஏறி மேகத்தைத் தாண்ட முடியாது, மழைக்காலத்தில் விமானி சுற்றித்தான் போக வேண்டும்.

வேலூர்க்காரனாக நான் கூடுதலாக ஒன்று பார்ப்பேன். சிஎம்சி மருத்துவமனைக்கு வருகிறவர்களைச் சக்கர நாற்காலியில் எத்தனையோ முறை இறக்கியிருக்கிறேன். படி எத்தனை, கதவு எவ்வளவு அகலம், உள்ளே நாற்காலி திரும்புமா? விமானியிடம் கேட்டால் இதற்குப் பதில் கிடைக்காது, லோடரிடம் கேளுங்கள்.

ஒரு நோட்டில் நடுவே கோடு போடுங்கள். இடப்பக்கம் விமானி, வலப்பக்கம் ராம்ப். இரண்டு பேரிடமும் ஒரே கேள்வி: "இந்த விமானத்தில் எதை மறந்தால் ஆபத்து?" என் அக்கா மகன் நோட்டில் வலப்பக்கம் முதல் வரி, டெயில் ஸ்டாண்ட். இடப்பக்கம் இன்னும் காலி. அவனுக்கு ஒரு கேப்டனின் போன் நம்பர் கொடுத்திருக்கிறேன்.