ரெஸ்யூமில் ஒவ்வொரு வரிக்கும் இரண்டு நிமிடம்

கல்லூரி முடித்து வரும் பிள்ளைகளை ஐ.டி. வேலைக்கு இன்டர்வியூ எடுக்கிறேன். ஜாவா, பைத்தான், எஸ்.க்யூ.எல். (டேட்டாபேஸ் டேபிள்களிலிருந்து தகவலைக் கேட்டு எடுக்கும் மொழி), மெஷின் லேர்னிங் என்று ரெஸ்யூமில் பத்துப் பன்னிரண்டு இருக்கும். ஒன்றைத் தொட்டுக் கேட்டதும் முகம் வெளிறிவிடும். தெரியாததையும் சேர்த்து எழுதிய பயத்தில், நன்றாகத் தெரிந்ததைக்கூடச் சொல்ல வராமல் போகிறது. பார்க்கவே மனசு கஷ்டப்படும். முதல் இன்டர்வியூவுக்குப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

படி 1: ரெஸ்யூமைப் பிரிண்ட் எடுங்கள். ஒவ்வொரு வரியைப் பற்றியும் இரண்டு நிமிடம் வாய்விட்டுப் பேசி, போனில் ரெக்கார்ட் செய்யுங்கள். முதலில் தமிழில் பேசுங்கள். தமிழில் விளக்க முடிந்தால் விஷயம் புரிந்திருக்கிறது. பிறகு அதையே சின்னச் சின்ன ஆங்கில வாக்கியங்களில் சொல்லிப் பழகலாம். பேச்சு வராத வரியைப் படியுங்கள், நேரமில்லை என்றால் அடித்துவிடுங்கள். மூன்றே மிஞ்சினாலும் சரி.

படி 2: மிஞ்சியதில் ஒன்றையாவது அடிவரை தோண்டுங்கள். 'இரண்டாவது அதிக சம்பளம் எது?' என்பது எஸ்.க்யூ.எல்.லில் எல்லோரும் மனப்பாடம் செய்துவரும் கேள்வி. பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்தி, முதல் வரியை விட்டுவிட்டு அடுத்ததை எடுப்போம் என்பார்கள். முதல் இரண்டு பேருக்குமே 90,000, மூன்றாமவருக்கு 70,000 என்றால்? அந்த விடை மறுபடி 90,000 என்றே காட்டும். உச்ச சம்பளத்தைக் கண்டுபிடித்து, அதைவிடக் குறைந்தவற்றில் பெரியதைக் கேட்டால்தான் 70,000 வரும். வீட்டில் ஐந்து வரியில் ஒரு டேபிள் போட்டு ஓட்டிப் பார்த்தவருக்கு இது தானாகப் பிடிபடும். நான் தேடுவது அந்த ஆளைத்தான்.

படி 3: ப்ராஜெக்ட். ப்ராஜெக்ட் விற்கும் சென்டரில் காசு கொடுத்து வாங்கியதை 'நான் செய்தேன்' என்று சொல்லாதீர்கள்; இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும். இப்போதாவது அந்த ப்ரோகிராமை உங்கள் லேப்டாப்பில் ஓட்டி, ஏதாவது ஒரு பகுதியை நீங்களே மாற்றி எழுதுங்கள். பிறகு அந்தப் பகுதியைப் பற்றி மட்டும் தைரியமாகப் பேசலாம். நான்கு பேர் டீமில் ரிப்போர்ட் எழுதியது மட்டும்தான் உங்கள் வேலையா? அப்படியே சொல்லுங்கள்.

படி 4: தெரியாத கேள்வி கட்டாயம் வரும். 'தெரியாது' என்பதோடு நிறுத்தாமல், எதுவரை தெரியும் என்று சேர்த்துச் சொல்லுங்கள். டேபிளில் தேடுவதற்கென்று போடும் குறிப்புப் பட்டியலான இண்டெக்ஸ் பற்றிக் கேட்டால், இப்படி: 'இண்டெக்ஸ் போட்டால் தேடுவது வேகமாகும், புதிதாகத் தகவல் சேர்ப்பது கொஞ்சம் மெதுவாகும் சார். உள்ளே எப்படி நடக்கிறது என்று இன்னும் படிக்கவில்லை.' இது எனக்கு நல்ல பதில். தெரியாததைத் தெரிந்ததுபோல் அடித்துவிடுகிறவரிடம் அடுத்த கேள்வி கேட்கவே மனம் வராது.

படி 5: அரியர் இருந்ததா? 'கணக்குப் பேப்பர் எம் த்ரீயில் போச்சு, அடுத்த செமஸ்டரில் எழுதி கிளியர் பண்ணிட்டேன்.' அவ்வளவு போதும், கதை வேண்டாம்.

படி 6: வெளியே வந்ததும் பஸ் ஏறுவதற்கு முன்பே, கேட்ட கேள்விகளை எல்லாம் ஒரு நோட்டில் எழுதிவிடுங்கள். ராத்திரிக்குள் பாதி மறந்துவிடும். பதில் வராதவற்றை மறுநாள் காலையில் உட்கார்ந்து படியுங்கள். அடுத்த இன்டர்வியூவில் அவற்றில் ஒன்றிரண்டு மறுபடி வரும்.