வெனிலா வாசனைப் பைப் புகையிலை: முதல் தடவை பிடிப்பவர்களுக்கு

சிகரெட்டிலிருந்து பைப்புக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது வாசனைக் கலவையைத்தான். டப்பாவைத் திறந்ததும் வெனிலாவோ செர்ரியோ கமகமவென்று வரும்போது யாருக்கும் ஆசை வரத்தான் செய்யும். ஆனால் அந்த மணம் அப்படியே நாக்கில் இறங்காது. டப்பாவில் முகர்வது ஒன்று, பக்கத்தில் இருப்பவர் மூக்குக்குப் போவது ஒன்று, பிடிப்பவர் நாக்கில் படுவது வேறொன்று. கங்கு சூடேறாமல் நிதானமாக எரிந்தால்தான் அந்த மூன்றாவது கிடைக்கும். கீழே சொல்வதெல்லாம் அதற்கான வழிதான்.

அதற்கு முன் ஒரு விஷயம். பைப்பும் புகையிலைதான். புகையை நெஞ்சுக்குள் இழுக்காவிட்டாலும் வாய், தொண்டைப் புற்றுநோய்க்கான ஆபத்து இருக்கிறது. வாயின் உட்தோல் வழியாகவே நிகோடின் உடம்பில் சேரும், பழக்கமும் ஆகிவிடும். புகை பிடிக்காதவர்கள் இதற்காக ஆரம்பிக்க வேண்டாம். ஏற்கெனவே பிடிக்கிற, வயது வந்தவர்களுக்குத்தான் இந்தப் பதிவு.

எதை வாங்குவது?

அமெரிக்கக் கடைகளில் ஜாடியிலிருந்து எடுத்து எடை போட்டுத் தரும் லேன் 1-க்யூ என்ற கலவை நல்ல தொடக்கம். கறுப்பு கேவண்டிஷும் வெர்ஜீனியா வகைப் புகையிலையும் கலந்தது, வெனிலா மணம். கேவண்டிஷ் என்று தனியாக ஒரு செடி கிடையாது. இலையை ஆவியிலும் அழுத்தத்திலும் பதப்படுத்தும் முறைக்குத்தான் அந்தப் பெயர். பதப்படுத்தியதில் காரம் தணிந்து இலை கறுத்துவிடும், சேர்க்கிற வாசனையையும் நன்றாக உறிஞ்சிக்கொள்ளும். இப்படிப்பட்ட கலவைகள் பலவற்றில் காய்ந்துபோகாமல் இருக்க ப்ரொப்பிலீன் கிளைக்காலும் சேர்க்கிறார்கள். ஈரத் தொந்தரவு பெரும்பாலும் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

பைப்புக்கு மக்காச்சோளத் தக்கையில், அதாவது மணி உதிர்த்த கதிரின் நடுக்கட்டையில், செய்தது போதும். மிசௌரி மாநிலத்தின் வாஷிங்டன் ஊரில் மிசௌரி மீர்ஷாம் நிறுவனம் 1869 முதல் இதைச் செய்துவருகிறது. விலை குறைவு, ஈரத்தையும் ஓரளவு இழுத்துக்கொள்ளும். பிரையர் என்ற புதரின் வேர்க்கட்டையில் கடைந்த நல்ல பைப்பில் வாசனைக் கலவையை அடைத்தால் வெனிலா அதிலேயே தங்கிவிடும். பிறகு வேறு எதைப் பிடித்தாலும் அதன் சாயல் வரும்.

காய வைப்பது

தயவுசெய்து இதை மட்டும் தாண்டிப் போகாதீர்கள். ஒரு தடவைக்குத் தேவையானதை எடுத்து, காகிதத்தில் உதிர்த்துப் பரப்பி, அரை மணி முதல் ஒரு மணி நேரம் விட்டுவிடுங்கள். மழைக்காலம் என்றால் இன்னும் கூடுதலாக. இரண்டு விரலால் அழுத்தி விட்டுப் பாருங்கள். கட்டியாகவே இருந்தால் ஈரம் போகவில்லை. மெல்லப் பிரிந்து விரிந்தால் சரி. விரலில் லேசான பிசுபிசுப்பு கடைசிவரை இருக்கும், அது சேர்த்த பொருளால் வருவது. அது போகட்டும் என்று காத்திருந்தால் இலைதான் நொறுங்கும்.

அடைப்பது

பைப்பில் புகையிலை போடும் குழிதான் கிண்ணம். அதை மூன்று தவணையாக நிரப்புங்கள். முதல் சிட்டிகை தானாக விழட்டும், அழுத்தவே வேண்டாம். இரண்டாவதை லேசாக, மூன்றாவதைக் கொஞ்சம் உறுதியாக அழுத்துங்கள். பற்றவைக்காமல் ஒரு இழுப்பு இழுத்துப் பாருங்கள். ஸ்ட்ராவில் இளநீர் உறிஞ்சும்போது இருக்கிற அளவு தடை இருந்தால் போதும். காற்றே வரவில்லையா? கொட்டிவிட்டு மறுபடி அடையுங்கள். குச்சியால் குத்திச் சரிசெய்ய முடியாது.

பற்றவைப்பது

தீக்குச்சியைக் கிழித்ததும் கந்தக நெடி போகட்டும். சுடரை மேற்பரப்பு முழுக்க வட்டமாகச் சுற்றிக் காட்டியபடி சின்னச் சின்னதாக இழுங்கள். இலை பொங்கி மேலே எழும், அப்புறம் அணைந்துவிடும். அணையட்டும். எழும்பிய கரியை டேம்பரால் (அழுத்துவதற்கான தட்டைமுனைக் கருவி) மெதுவாகச் சமன்செய்து இரண்டாம் முறை பற்றவையுங்கள். இப்போதுதான் கங்கு நிற்கும்.

பிடிப்பது

புகையை வாயோடு நிறுத்துங்கள். உதட்டோரம் சன்னமாக ஒரு இழுப்பு, பிறகு சும்மா இருங்கள். கொத்துக் கொத்தாகப் புகை வந்தால் வேகம் அதிகம் என்று அர்த்தம். சுவை வரவில்லையே என்று இன்னும் பலமாக இழுக்கத் தோன்றும். அங்கேதான் எல்லாம் கெடுகிறது. கங்கு சூடாகி, கலவையில் இருக்கிற ஈரம் கொதிநீராவியாக நாக்கைச் சுடும். வெனிலா போய்க் கசப்புதான் மிஞ்சும். கிண்ணத்தைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். வைக்க முடியாத சூடு என்றால் கீழே வைத்துவிடுங்கள். பைப் அணைவது தப்பே இல்லை, ஆறியதும் மறுபடி பற்றவைக்கலாம். மெதுவாகப் போகும்போது வாயிலிருக்கும் புகையில் கொஞ்சத்தை மூக்கு வழியாக விட்டுப் பாருங்கள். வெனிலா அங்கேதான் தெளிவாகத் தெரியும். நாக்கில் ஒரு மெல்லிய இனிப்பு மட்டும் நிற்கும்.

களக் களக்கென்று சத்தம் வந்தால் வாயில் வைக்கும் தண்டைக் கழற்றாமல், ஒரு பைப் க்ளீனரை (பஞ்சு சுற்றிய மெல்லிய கம்பி) வாய்ப்பக்கமாக உள்ளே விட்டு ஈரத்தை எடுங்கள். வெறும் வயிற்றில் பிடிக்காதீர்கள். தலை சுற்றினாலோ குமட்டினாலோ உடனே நிறுத்திவிட்டு, இனிப்பாக ஏதாவது குடியுங்கள்.

அடியில் நனைந்து மிஞ்சுவதைக் கடைசிவரை எரித்தே தீர வேண்டும் என்றில்லை. பைப் நன்றாக ஆறிய பிறகு கொட்டுங்கள். தண்டைக் கழற்றுவதும் அப்போதுதான். க்ளீனர் விட்டுத் துடைத்து ஒரு நாளாவது சும்மா வையுங்கள். மீதிப் புகையிலை இறுக்கமான மூடி போட்ட கண்ணாடி ஜாடியில், வெயில் படாத அலமாரியில், குழந்தைகள் கைக்கு எட்டாமல் இருக்கட்டும்.