பால் ஊறத் தாமதமானால்: முதல் வாரத்தில் செய்ய வேண்டியவை

பிரசவமான முதல் இரண்டு நாள் மார்பு கனக்காமல், பீய்ச்சினால் சில சொட்டு மட்டும் வருவது இயல்புதான். அந்தச் சொட்டுகள்தான் சீம்பால். முதல் 24 மணி நேரத்தில் குழந்தை ஒரு வேளைக்குக் குடிப்பது 2 முதல் 10 மி.லி. வரைதான். 72 மணி நேரம் கடந்தும் மார்பு நிறையவில்லை என்றால்தான் அதைத் தாமதம் என்கிறோம்.

நஞ்சுக்கொடி வெளியேறியதும் தாயின் உடலில் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனின் அளவு சட்டென்று இறங்கும். பால் பெருகத் தொடங்குவது அதனால்தான். நஞ்சுக்கொடியின் துண்டு ஏதாவது உள்ளே தங்கிவிட்டால் இந்த இறக்கம் நடக்காது. சிசேரியன், நீண்ட பிரசவ வலி, அதிக ரத்தப்போக்கு, சர்க்கரை நோய், அதிக உடல் எடை, முதல் பிரசவம் ஆகியவையும் பாலைத் தள்ளிப்போடலாம். இவற்றில் எதுவும் தாயின் குற்றம் இல்லை. பெரும்பாலோருக்குச் சில நாள் தாமதத்துக்குப் பிறகு பால் பெருகிவிடும்.

குழந்தைக்குப் போதுகிறதா என்பதை மார்பின் கனத்தை வைத்து எடைபோடாதீர்கள், டயாபரைப் பாருங்கள். முதல் நாள் ஒரு முறை, இரண்டாம் நாள் இரண்டு, மூன்றாம் நாள் மூன்று என்று சிறுநீர் கூடி, ஐந்தாம் நாளிலிருந்து ஆறுக்குக் குறையாமல் போக வேண்டும். கறுப்பு மலம் பச்சையாகி, ஐந்தாம் நாளுக்குள் மஞ்சளாக வேண்டும். எடை கொஞ்சம் குறைவது சகஜம். அந்தக் குறைவு பிறந்தபோது இருந்த எடையில் 10 சதவீதத்தை நெருங்கினால் உடனே மருத்துவர் பார்க்க வேண்டும்.

இனி பால் பெருக வழி. மார்பில் தேங்கி நிற்கும் பால் சுரப்பைக் குறைக்கும், வெளியேறும் பால் சுரப்பைக் கூட்டும். ஆகவே 24 மணி நேரத்தில் 8 முதல் 12 முறை, இரவிலும், குழந்தையை மார்பில் போடுங்கள். நடுநேரங்களில் குழந்தையை வெற்று மார்போடு ஒட்டி வைத்திருங்கள். வாய் நன்றாகத் திறந்து, தாடை மார்பில் அழுந்தி, கீழுதடு வெளியே மடிந்து, காம்போடு அதைச் சுற்றியுள்ள கருவளையத்தின் பெரும்பகுதியும் வாய்க்குள் போக வேண்டும். பால் குடித்து விட்டதும் காம்பு சப்பையாக நசுங்கியிருந்தால் பிடிப்பு சரியில்லை. அப்படிப் பிடித்தால் குழந்தை எவ்வளவு நேரம் சப்பினாலும் பால் சரியாக வராது. சப்புவது மட்டும் தெரிந்து விழுங்கும் சத்தம் கேட்காதபோது, மார்பைக் கையால் மெதுவாக அழுத்திப் பிடித்துக் கொடுங்கள்.

குழந்தை தூங்கி வழிந்தாலோ, தனிப் பிரிவில் இருந்தாலோ கையால் பீய்ச்சத் தாமதிக்க வேண்டாம். பிறந்த ஒரு மணி நேரத்திலேயே தொடங்கினால் மிக நல்லது. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் காம்புக்கு 2.5 முதல் 4 செ.மீ. பின்னால், எதிரெதிரே வையுங்கள். முதலில் விலா எலும்பை நோக்கி உள்ளே அழுத்தி, பிறகு இரு விரலையும் ஒன்றையொன்று நோக்கிச் சேர்த்து, விடுங்கள். விரல் தோலில் வழுக்கக் கூடாது. வழுக்கினால் வலிதான் மிஞ்சும். முதல் சொட்டு வர ஓரிரு நிமிடம் ஆகலாம், அதற்குள் கைவிடாதீர்கள். வரத்து நின்றதும் விரல்களைச் சற்றுச் சுற்றி வைத்துத் தொடருங்கள். சீம்பாலைக் கரண்டியில் ஏந்தி அப்படியே ஊட்டலாம்.

பால் பெருகத் தொடங்கிய பிறகு பம்ப் நன்றாக உதவும். இரு மார்பிலும் ஒரே நேரத்தில், ஒரு முறைக்கு 15 முதல் 20 நிமிடம். காம்பு குழாயின் சுவரில் உரசினால், மார்பில் பொருத்தும் புனலின் அளவு சிறியது. கருவளையமும் சேர்ந்து உள்ளே இழுபட்டால் பெரியது. இரண்டிலும் பால் குறையும். நாளுக்கு ஒரு முறை 20 நிமிடம் பம்ப், 10 ஓய்வு, 10 பம்ப், 10 ஓய்வு, 10 பம்ப் என்று ஒரு மணி நேரம் செய்வதும் பலருக்குக் கைகொடுக்கும். பலன் தெரியச் சில நாள் பிடிக்கும். ஒவ்வொரு வேளையும் ஊட்டுவது, பீய்ச்சுவது எல்லாம் சேர்ந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் இழுத்தால் தாய் தூங்க முடியாது. அந்த அளவுக்கு நீட்ட வேண்டாம்.

குழந்தைக்குப் போதவில்லை என்று தெரிந்தால் கூடுதல் பால் கொடுக்கத் தயங்கக் கூடாது. பசியில் சோர்ந்த குழந்தைக்கு மார்பைப் பிடித்துச் சப்பவே பலம் இருக்காது. பீய்ச்சிய தாய்ப்பால் முதல் தேர்வு. இல்லாவிட்டால் வேறு தாய்மார் தந்த, பரிசோதித்த தானப் பால் அல்லது பால் பவுடர். இரண்டாம் நாள் வேளைக்கு 5 முதல் 15 மி.லி., மூன்றாம் நாள் 15 முதல் 30, நான்காம் நாள் 30 முதல் 60 என்பது பொதுவான அளவு. பவுடரை நீர்க்கக் கரைக்காதீர்கள். வெறும் தண்ணீரும் வேண்டாம். கூடுதல் பால் கொடுக்கும் ஒவ்வொரு வேளைக்கும் ஒரு முறை பீய்ச்சிவிடுங்கள், இல்லையென்றால் அந்த அளவுக்குச் சுரப்பு குறையும்.

மூக்கடைப்புக்கான சூடோஎபெட்ரின், ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரை இரண்டும் பாலைக் குறைக்கும். பால் சுரக்கச் செய்யும் டோம்பெரிடோனை நீங்களாக வாங்கிச் சாப்பிட வேண்டாம், இதயத் துடிப்பைப் பாதிக்கக் கூடியது அது.

ஐந்தாம் நாளிலும் பால் பெருகாவிட்டால் தைராய்டு, உள்ளே தங்கிய நஞ்சுக்கொடித் துண்டு, ரத்தச்சோகை ஆகியவற்றைப் பரிசோதிக்கக் கேளுங்கள். ரத்தப்போக்கு கூடினாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்றே போங்கள். குழந்தையை எழுப்பியும் குடிக்காவிட்டால், வாய் உலர்ந்தால், உச்சிக்குழி பள்ளமானால், தோலின் மஞ்சள் நிறம் கால்வரை இறங்கினால், நான்காம் நாளுக்குப் பிறகும் சிறுநீர் செங்கல் நிறத்தில் கறைபட்டால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.