‘ஸ்டாண்ட்’ என்றால் நிற்பது மட்டுமா? நம் ஊர் ஆங்கிலத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

‘ஸ்டாண்ட் அப்’, ‘சிட் டவுன்’ இரண்டும் தெரியாத பள்ளிப் பிள்ளை கிடையாது. முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்ட சொல் என்பதால், அதற்குப் பிறகு ‘ஸ்டாண்ட்’ பற்றி யாரும் நின்று சொல்லித்தருவதில்லை. மேல் வகுப்பில் கைடு ஒரு வரிசையைக் கொடுக்கிறது: ரைஸ், பேர், டாலரேட், எண்டியூர், ரிமெய்ன். எல்லாம் ‘ஸ்டாண்ட்’ என்பதற்கு ஒரே பொருள் தரும் சொற்கள், மனப்பாடம் செய்துகொள் என்கிறது. எது எந்த இடத்தில் பொருந்தும் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிடுகிறது. வேலூரில் அது பெரிய குறை. வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் சி.எம்.சி (கிறிஸ்டியன் மெடிக்கல் காலேஜ்) மருத்துவமனைக்கு வருகிறவர்களிடம் லாட்ஜிலும் மருந்துக் கடையிலும் ஆட்டோவிலும் நம் ஆட்கள் அரைகுறை இந்தியோடு ஆங்கிலத்தையும் கலந்துதான் சமாளிக்கிறார்கள். ராணிப்பேட்டை, ஆம்பூர் தோல் கம்பெனிகளிலிருந்து வெளிநாட்டுக்குக் கடிதம் போவதும் ஆங்கிலத்தில்தான்.

முதல் தவறு தமிழிலிருந்தே வருகிறது. ‘நில்’ என்ற நம் வினைச்சொல் இரண்டு வேலை செய்கிறது. ஆள் நிற்கிறார், பஸ்ஸும் நிற்கிறது. மழை நிற்கிறது, வயிற்றுப்போக்கு நிற்கிறது. ஆங்கிலத்தில் இவை ஒன்றல்ல. ‘இந்த பஸ் பாகாயத்துல நிக்குமா?’ என்பதை அப்படியே மாற்றி ‘வில் திஸ் பஸ் ஸ்டாண்ட் அட் பாகாயம்?’ என்று கேட்டால் எதிராளி குழம்புவார். ஓடிக்கொண்டிருந்தது ஓய்ந்தால் ‘ஸ்டாப்’. மழைக்கும் ரத்தப்போக்குக்கும் வாந்திக்கும் ‘ஸ்டாப்’தான். ஏற்கெனவே ஓரிடத்தில் இருக்கிற நிலையைச் சொன்னால் ‘ஸ்டாண்ட்’. காட்பாடி ஜங்ஷனை வைத்தே பிரித்துப் பார்க்கலாம். ரயில் காட்பாடியில் நின்று போகும் என்பதற்கு ‘ஸ்டாப்ஸ் அட் காட்பாடி’. ரயில் ஏற்கெனவே வந்து இரண்டாவது பிளாட்பாரத்தில் இருக்கிறது என்றால் ‘இஸ் ஸ்டாண்டிங் அட் பிளாட்பார்ம் டூ’. இரண்டும் சரி, ஆனால் ஒன்றின் இடத்தில் மற்றொன்றைப் போட முடியாது. மருத்துவமனையில் இதை இன்னும் கவனமாகச் சொல்ல வேண்டும். வெளிமாநில டாக்டரிடம் ‘ரத்தம் நின்னுடுச்சு’ என்பதைச் சொல்ல ‘தி ப்ளீடிங் ஹேஸ் ஸ்டாப்ட்’ என்ற ஒரு வாக்கியம் போதும்.

பஸ் ஸ்டாண்டும் பஸ் ஸ்டாப்பும் இதே கதைதான். பழைய பஸ் ஸ்டாண்டு, புது பஸ் ஸ்டாண்டு என்று நாம் சொல்வது வண்டிகள் கிளம்பி வந்து சேரும் இடத்தை. வழியில் ஏறி இறங்கும் இடம் ‘ஸ்டாப்’. வெளியூர்க்காரருக்கு வழி சொல்லும்போது இரண்டையும் மாற்றிச் சொன்னால், பை தூக்கிக்கொண்டு நோயாளியோடு அவர் அலைய நேரிடும்.

எழுந்து நிற்பது வேறு, நின்றுகொண்டிருப்பது வேறு. உட்கார்ந்திருப்பவரிடம் ‘ஸ்டாண்ட் அப்’. ஏற்கெனவே நிற்கிறவரிடம் ‘இங்கே நில்லுங்கள்’ என்று சொல்ல ‘ஸ்டாண்ட் ஹியர்’ போதும். எக்ஸ்ரே எடுக்கும்போது அசையாமல் நிற்கச் சொல்ல ‘ஸ்டாண்ட் ஸ்டில்’. கைடு தரும் ‘ரைஸ்’ இங்கே கொஞ்சம் சடங்குத்தனமானது. நீதிபதி வரும்போது, கீதம் பாடும்போது அது பொருந்தும். பிசியோதெரபி அறையில் யாரும் ‘ரைஸ்’ என்று சொல்வதில்லை. இறந்தகாலம் ‘ஸ்டுட்’. ‘ஸ்டாண்டட்’ என்ற சொல் ஆங்கிலத்தில் இல்லை.

கட்டடங்களைப் பற்றி எழுதும்போது மாணவர்கள் பலர் ‘தி ஃபோர்ட் இஸ் ஸ்டாண்டிங் இன் வேலூர்’ என்று எழுதுகிறார்கள். கோட்டை எங்கே இருக்கிறது என்று சொல்லும்போது ‘ஸ்டாண்ட்ஸ்’ என்ற எளிய நிகழ்காலமே இயல்பு. ஜலகண்டேஸ்வரர் கோயில் கோட்டைக்குள் இருக்கிறது என்பதற்கும் ‘ஸ்டாண்ட்ஸ் இன்சைட் தி ஃபோர்ட்’. பதினாறாம் நூற்றாண்டுக் கோட்டை இன்றும் இடியாமல் இருக்கிறதே என்ற வியப்பைச் சொல்ல விரும்பினால் மட்டும் ‘இஸ் ஸ்டில் ஸ்டாண்டிங்’ என்று எழுதலாம்.

அடுத்தது வெயில். ‘ஐ காண்ட் ஸ்டாண்ட் திஸ் ஹீட்’ என்றால் இந்த வெயிலைத் தாங்க முடியவில்லை. மே மாதத்தில் வேலூரில் இந்த வாக்கியத்துக்கு வேலை அதிகம். ‘தாங்குதல்’ என்ற பொருளில் ‘ஸ்டாண்ட்’ பெரும்பாலும் ‘காண்ட்’, ‘குடன்ட்’ போன்ற எதிர்மறைகளோடும் கேள்விகளோடும்தான் வரும். ‘நான் இந்த வெயிலைத் தாங்குகிறேன்’ என்று நினைத்து ‘ஐ ஸ்டாண்ட் திஸ் ஹீட்’ என்று எழுதினால் ஆங்கிலம் ஆகாது. கைடின் வரிசை அதிகமாகக் காலை வாருவதும் இங்கேதான். ‘பேர்’ துயரத்துக்கும் வலிக்கும் நெருக்கமானது. ‘எண்டியூர்’ நீண்டநாள் துன்பத்தைக் குறிக்கும், ஒரு பிற்பகல் வெயிலுக்கு அது கனமான சொல். ‘டாலரேட்’ என்பதில் பிடிக்காததை அனுமதிக்கும் தொனி இருக்கிறது. மருத்துவக் குறிப்பிலோ அதற்கு வேறு பொருள். நோயாளியின் உடம்பு ஒரு மருந்தை ஏற்றுக்கொண்டது என்பதற்கு ‘டாலரேட்டட்’ என்று எழுதியிருப்பார்கள். நோயாளி பொறுமையாக இருந்தார் என்று அதற்கு அர்த்தமில்லை. ‘வித்ஸ்டாண்ட்’ என்பது எதிர்ப்பையோ தாக்குதலையோ தாங்கி நிலைப்பது. கோட்டைச் சுவர், தோல், இயந்திரம் ஆகியவற்றுக்கு அது நன்றாகப் பொருந்தும்.

‘ஸ்டாண்ட்’ பக்கத்தில் ஒட்டும் சின்னச் சொற்கள்தான் பொருளைத் தலைகீழாக்குகின்றன. இதில் ஒரு ஜோடியை மட்டும் மறக்காமல் வைத்துக்கொள்ளச் சொன்னால், ‘ஸ்டாண்ட் அப் ஃபார்’, ‘ஸ்டாண்ட் அப் டு’ இரண்டையும் சொல்வேன். முன்னது ஒருவருக்காகக் குரல் கொடுப்பது, பின்னது ஒருவரை எதிர்த்து நிற்பது. 1806 ஜூலை 10-இல் வேலூர்க் கோட்டையில் நடந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். புதிய தலைப்பாகையைப் போடு, நெற்றியில் சமயச் சின்னம் வைக்காதே என்ற உத்தரவுகளால் கொதித்த சிப்பாய்கள் கிழக்கிந்தியக் கம்பெனியை எதிர்த்தார்கள். அது ‘ஸ்டுட் அப் டு தி கம்பெனி’. தங்கள் சமய வழக்கங்களுக்காக நின்றார்கள், அது ‘ஸ்டுட் அப் ஃபார் தெயர் கஸ்டம்ஸ்’. இந்த ‘டு’வையும் ‘ஃபார்’ஐயும் மாற்றிவிட்டால், சிப்பாய்கள் கம்பெனிக்குப் பரிந்து பேசியதாக ஆகிவிடும். தேர்வில் ஒரு மதிப்பெண் போகலாம், அதைவிட வரலாறு போய்விடும் என்பதுதான் எனக்கு வருத்தம்.

‘ஸ்டாண்ட் பை’ இன்னும் சிக்கலானது. ‘ஷீ ஸ்டுட் பை ஹிம்’ என்றால் கஷ்டத்தில் கைவிடாமல் கூட இருந்தார். ‘தே ஸ்டுட் பை அண்ட் டிட் நத்திங்’ என்றால் ஒன்றும் செய்யாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பின்னால் ஆள் பெயர் வருகிறதா என்று பார்த்தாலே பெரும்பாலும் பிடிபடும். ‘ஸ்டாண்ட் ஃபார்’ என்பதில் ‘ஃபார்’ஐ விழுங்குவது பரவலான பழக்கம். சி.எம்.சி என்பதன் விரிவைக் கேட்க ‘வாட் டஸ் சி.எம்.சி ஸ்டாண்ட் ஃபார்?’ என்று கேட்க வேண்டும். கடைசிச் சொல் விழுந்தால் கேள்வி பாதியில் நிற்கும். தேர்தலில் நிற்பதற்கும் பிரிட்டிஷ் வழக்கில் ‘ஸ்டாண்ட் ஃபார்’தான், அமெரிக்கர்கள் ‘ரன் ஃபார்’ என்பார்கள். ‘ஐ வோன்ட் ஸ்டாண்ட் ஃபார் திஸ்’ என்றால் இதைப் பொறுத்துக்கொள்ள மாட்டேன் என்று பொருள்.

தோல் கம்பெனி அலுவலகங்களில் கடிதம் எழுதுகிறவர்கள் ‘அவுட்ஸ்டாண்டிங்’ என்ற சொல்லில் கைவைக்கும்போது யோசிக்க வேண்டும். தோல் ‘அவுட்ஸ்டாண்டிங்’ என்றால் மிகச் சிறந்தது. பில் ‘அவுட்ஸ்டாண்டிங்’ என்றால் பணம் இன்னும் வரவில்லை. ‘உங்கள் அவுட்ஸ்டாண்டிங் பேமென்டுக்கு நன்றி’ என்று ஒருவர் எழுதினால், பணம் வந்ததா வரவில்லையா என்று தோல் வாங்குபவருக்குப் புரியாது. பாக்கியைச் சொல்லும்போது தொகை, இன்வாய்ஸ் எண், கெடு தேதி மூன்றையும் சேர்த்தே எழுதுங்கள்.

‘ஸ்டாண்டிங்’ பெயர்ச்சொல்லாக வரும்போது மதிப்பு, தகுதிநிலை. ‘ஸ்டேட்டஸ்’ அதற்கு மாற்று என்று கைடு சொல்லும். சில இடங்களில் உண்மைதான், ஆனால் திருமண நிலைக்கு ‘மேரிட்டல் ஸ்டேட்டஸ்’ மட்டுமே, விண்ணப்பத்தின் நிலைக்கும் ‘ஸ்டேட்டஸ்’ மட்டுமே. வெளிநாட்டுக்குப் போகும் டாக்டர்களிடம் கேட்கப்படும் ‘குட் ஸ்டாண்டிங் சர்டிஃபிகேட்’ வேறு வகை. அது பள்ளியில் தரும் நன்னடத்தைச் சான்றும் இல்லை, அனுபவச் சான்றும் இல்லை. அவர் பெயர் பதிவில் முறையாக இருக்கிறது, ஒழுங்கு நடவடிக்கை எதுவும் இல்லை என்று பதிவு செய்த கவுன்சில் உறுதி சொல்லும் தாள். வேலை பார்த்த மருத்துவமனையில் போய் இதைக் கேட்டு அலைய வேண்டாம், கவுன்சிலில்தான் விண்ணப்பிக்க வேண்டும்.