‘விழிப்புணர்வு இல்லை’ என்று எழுதி முடித்துவிடாதீர்கள்

சமூக ஏற்றத்தாழ்வு பற்றிக் கேள்வி கேட்டால், ஆண்டுதோறும் விடைத்தாள்களில் ஒரு வாக்கியம் தவறாமல் வந்துவிடும்: “இச்சமூகத்தினரிடம் கல்வி விழிப்புணர்வு இல்லாததே பின்தங்கியதற்குக் காரணம்.” எழுதும் பிள்ளைக்குக் கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. ஆனால் எனக்கு அரை மதிப்பெண் போடவும் மனம் வராது. காரணத்தைக் கேட்டால் விளைவையே வேறு சொல்லில் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள்.

செங்கல்பட்டு மாவட்டத்தையே எடுத்துக்கொள்வோம். அங்கே கலெக்டர் பொறுப்பில் இருந்த ட்ரெமென்ஹீர், 1891-இல் பறையர் மக்களின் நிலை குறித்து அரசுக்கு அறிக்கை அனுப்பினார். குடிசை நின்ற மண்கூட மிராசுதாருடையது. கூலியில் தகராறு என்றால் வீட்டையும் காலி செய்ய வேண்டியதுதான். சரி, தரிசு நிலத்துக்கு மனுப் போடலாமே என்றால், அதிலும் மிராசுதாருக்கே முன்னுரிமை. விதியே அப்படி இருந்தது. மறுஆண்டு அரசு இம்மக்களுக்கு நிலம் ஒதுக்க முன்வந்தது. நாம் பஞ்சமி நிலம் என்கிறோமே, அதுதான். வேறு சமூகத்தாருக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனையும் இருந்தது. இருந்தும் ஏராளமான நிலம் கைமாறியது. அதை மீட்கக் கிளம்பிய போராட்டத்தில், 1994-இல் மாமல்லபுரம் அருகே காரணையில் போலீஸ் துப்பாக்கிச்சூட்டுக்கு இருவர் பலியானார்கள். அடகு வைத்து மகனைக் கல்லூரிக்கு அனுப்பக் கையில் ஒரு காணி இல்லாத தகப்பனைப் பார்த்து, விழிப்புணர்வு இல்லை என்று எழுதுவது எத்தனை சுலபம்!

இதற்கு நேர் எதிர்த் தவறு, எல்லாவற்றுக்கும் ஒரு கெட்டவனைத் தேடுவது. எனக்குத் தெரிந்த பட்டறை முதலாளி ஒருவர் ஆள் வேண்டுமென்றால் விளம்பரம் கொடுப்பதில்லை. இருக்கிற பையனிடம், “உங்கள் ஊரில் யாராவது இருந்தால் கூட்டிக்கொண்டு வாப்பா” என்பார். அவன் சித்தப்பா மகனைக் கூட்டிவருவான், அவன் பக்கத்து வீட்டுக்காரனை. இன்று பட்டறை முழுக்க ஒரே தெருக்காரர்கள். முதலாளிக்கு யார்மீதும் துவேஷம் கிடையாது. ஆனாலும் காலனிப் பையனுக்கு அந்த வேலை காலியாக இருந்ததே தெரியாது.

இதனால் நேரடிப் பாகுபாடே இல்லை என்றும் எழுதிவிடக் கூடாது. சுகதேவ் தோரட், பால் அட்டவெல் என்ற ஆய்வாளர்கள் இருவரும் ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களை வெவ்வேறு பெயர்களில் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். ஆய்வு 2007-இல் வெளிவந்தது. தலித் பெயர் கொண்ட விண்ணப்பங்களுக்கு அழைப்பு குறைவாகவே வந்தது. நம் ஊரில் பெயருக்குப் பின்னால் சாதி இல்லையே என்பார்கள். நேர்காணலில் “சொந்த ஊர் எது?” என்பதோடு நிற்காமல், “ஊரில் எந்தத் தெரு?” என்று கேட்பவர் எதைத் தெரிந்துகொள்ளக் கேட்கிறார்?

புள்ளிவிவரம் கையாளுகிறவர்கள் சறுக்கும் இடம் வேறு. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1973-இல் முதுநிலைப் படிப்புக்கு விண்ணப்பித்த ஆண்களில் 44 சதவீதம் பேருக்கு இடம் கிடைத்தது, பெண்களில் 35 சதவீதம் பேருக்கு. துறைவாரியாகப் பிரித்ததும் பெண்களுக்கு எதிரான சாய்வு மறைந்துபோனது. இடம் கிடைப்பது கடினமான துறைகளுக்குப் பெண்கள் அதிகம் விண்ணப்பித்திருந்தார்கள். பலர் இத்தோடு கணக்கை மூடிவிடுகிறார்கள். இடம் எளிதாகக் கிடைத்தவை பெரும்பாலும் கணிதம் அதிகம் கேட்கும் துறைகள். அவற்றுக்குப் பெண்கள் ஏன் குறைவாக விண்ணப்பித்தார்கள்? ‘ஒரே படிப்பு, ஒரே அனுபவம் உள்ளவர்களை ஒப்பிட்டால் வித்தியாசம் இல்லை’ என்ற வாதத்துக்கும் இதே கேள்விதான். அந்தப் படிப்பு எல்லாருக்கும் ஒரே மாதிரியா கிடைத்தது?

‘எங்கள் தெருவில் ஒருவர் ஐ.ஏ.எஸ். ஆகவில்லையா?’ என்பதற்கு நேரம் செலவிட வேண்டாம். ஆற்றை ஒருவர் நீந்திக் கடந்துவிட்டார் என்பதால் பாலம் இருக்கிறது என்று ஆகிவிடாது.

கடைசியாக, வர்க்கமா சாதியா என்று ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்வது. 1968 டிசம்பர் 25 இரவு, அன்றைய தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணியில் நிலக்கிழார்களின் ஆட்கள் வைத்த தீயில், ஒரே குடிசைக்குள் தலித் கூலிக் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரிந்து இறந்தார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். சாதிவெறி என்று மட்டும் எழுதினால், கம்யூனிஸ்டுகளின் செங்கொடிச் சங்கத்தில் சேர்ந்து கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டது விடைத்தாளில் எங்கே வரும்? கூலித் தகராறு என்று மட்டும் எழுதினால், தீ சேரிக்குள் ஏன் வந்தது?